முயலுக்கு மூன்று கால்

பள்ளி விடுமுறை முடிந்து உறவினர்கள் ஒன்றுகூடும் விருந்துகளில் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிய பேச்சு எப்படியாவது வந்துவிடும். யாராவது ஒருவர் தோக்கியோவுக்கோ ஹாங்காங்கிற்கோ போய்வந்திருப்பார். படங்கள் நிறைந்த கைப்பேசி ஒவ்வொருவர் கையாக வலம்வரும். அப்போது, அந்தப் பூங்காவின் வாசலைக்கூட மிதிக்காத ஒருவர் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு ஒன்று தெரியுமா?” என்று தொடங்குவார். வால்ட் டிஸ்னியின் உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லையாம். கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலேண்டில், ‘கரீபியன் கடற்கொள்ளையர்’ சவாரிக்கு அடியில் அது உறைநிலையில் பத்திரமாக இருக்கிறதாம். மருத்துவம் இன்னும் கொஞ்சம் முன்னேறியதும் அவரை எழுப்பிவிடுவார்களாம். கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். சொன்னவர் நிமிர்ந்து உட்காருவார்.

உண்மை என்ன? வால்ட் டிஸ்னி 1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இரண்டு நாளில் அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது. அவருடைய சாம்பல் கலிபோர்னியாவின் கிளெண்டேல் நகரிலுள்ள ஒரு நினைவுப் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது. இறந்தவுடன் உறையவைக்கப்பட்ட முதல் மனிதராக அறியப்படுபவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்னும் பேராசிரியர். அது நடந்தது 1967 ஜனவரி 12ஆம் நாள், அதாவது டிஸ்னி இறந்து நான்கு வாரம் கழித்து. கடற்கொள்ளையர் சவாரி திறக்கப்பட்டதோ அதே ஆண்டு மார்ச் மாதத்தில். டிஸ்னியின் இறுதிச் சடங்கு குடும்பத்தாரோடு மட்டும், வெளியே சொல்லாமல் நடந்து முடிந்தது. ஒரு புகழ்பெற்ற மனிதரின் மரணம், யாரும் பார்க்காத சடங்கு, உறைந்த உடலைப் பற்றிய பரபரப்பான செய்தி, இருட்டான புதிய சவாரி. இவை நான்கும் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வந்தன. கதை முளைப்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே, அந்தக் கதை பிறந்ததில் வியப்பில்லை. உண்மையை எடுத்துச் சொன்ன பிறகும் அது சாகாமல் இருப்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய செய்தி. “பெரியப்பா, அவரைத் தகனம் செய்ததற்குப் பதிவு இருக்கிறதே” என்று வீட்டுப் பிள்ளை ஒருவர் பணிவாகச் சொல்லிப் பார்க்கட்டும். “பதிவா? அதை எழுதியது யார்? எல்லாம் அவர்கள் ஆட்கள்தானே!” என்று பதில் வரும். சாம்பல் இருக்கும் இடத்தைச் சொன்னால், “அதெல்லாம் கண்துடைப்பு” என்பார். எதிராகக் காட்டும் ஒவ்வொரு சான்றும் மறைக்கப் பார்க்கிறார்கள் என்பதற்கான சான்றாக மாறிவிடும். 2013இல் ‘ஃபுரோசன்’ திரைப்படம் வெளிவந்தபோது, இணையத்தில் டிஸ்னியின் உறைந்த உடலைத் தேடுபவர்களைத் திசைதிருப்பவே படத்துக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு புதுக்கதை சேர்ந்துகொண்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும், அது ஒட்டவைத்த கால் என்றுதான் சொல்வார்.

இவரை அறியாமை மிக்கவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அது சரியான மதிப்பீடு இல்லை என்பது என் கருத்து. இத்தகையவர்களில் நன்கு படித்தவர்கள் உண்டு, அலுவலகத்தில் ஒவ்வொரு எண்ணையும் இருமுறை சரிபார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தகவல் பஞ்சம் இல்லை. கேளிக்கைப் பூங்கா என்பது பணம் கொடுத்தால் எல்லாரும் நுழையக்கூடிய இடம். அங்கே எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே சவாரியில் ஏறி, ஒரே படத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். ‘உள்ரகசியம்’ தெரிந்தவர் மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிகிறார். செலவில்லாமல் கிடைத்த பெருமை அது. அந்தக் கதை பொய் என்று சொல்லும்போது நாம் ஒரு தகவலைத் திருத்துவதாக நினைக்கிறோம். அவரோ, பலர் முன்னிலையில் தம் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குவதாக உணர்கிறார். அதனால் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் கல்லூரி மாணவர்களிடம் பல கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் அதைச் செய்தார்கள். சில கூற்றுகள் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. அப்படித் திரும்ப வந்தவை, அவை உண்மையோ பொய்யோ, மாணவர்களுக்கு மேலும் மேலும் உண்மையாகத் தோன்றின. புதிய சான்று எதுவும் தரப்படவில்லை. காதுக்குப் பழகிப்போனது மட்டுமே மாற்றம். ஒருவன் காக்கை நிறத்தில் வாந்தி எடுத்தான் என்ற செய்தி, வாய் மாறி வாய் மாறிக் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். கூட்டாமல் அப்படியே திரும்பச் சொன்னாலே பொய் வலுப்பெறும் என்பதுதான் அந்த ஆய்வு காட்டிய புதுமை.

இதெல்லாம் அமெரிக்காக்காரர்களின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நம் பாசிர் பாஞ்சாங் மேட்டிலேயே ஹாவ் பார் வில்லா இருக்கிறது. டைகர் பாம் தைலத்தால் பெரும்பொருள் ஈட்டிய ஆவ் பூன் ஹாவ், தம் தம்பி ஆவ் பூன் பாருக்காக 1937இல் கட்டிய மாளிகையும் தோட்டமும் அது. போரில் மாளிகை பாழாகி, பின்பு இடிக்கப்பட்டது. அண்ணன் மட்டும் தோட்டத்தைக் கைவிடவில்லை. 1954இல் இறக்கும்வரை புதிய சிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். சீனப் புராணங்களையும் அறக்கதைகளையும் காட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் அங்கு உள்ளன. அவற்றுள் மிகவும் பேர்பெற்றது ‘நரகத்தின் பத்து நீதிமன்றங்கள்’. பொய் சொன்னவர், கடன் வாங்கி ஏமாற்றியவர், பெற்றோரை மதிக்காதவர் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தண்டனை. கத்திகள் முளைத்த மரத்தில் வீசப்படுபவர்களையும் உடல் இரண்டாக அறுக்கப்படுபவர்களையும் அங்கே காணலாம். சென்ற தலைமுறைப் பெற்றோர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, “பார், பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று” எனக் காட்டிய இடம். அந்த இடத்தைப் பற்றியே இத்தனை பொய்கள் உலவுவது வேடிக்கைதான்.

அந்தப் பொய்களில் முதலிடம் வகிப்பது இது: நரகக் காட்சியில் இருப்பவை சிலைகளே இல்லை, மெழுகு பூசிய உண்மையான பிணங்கள். இரவில் அவை எழுந்து நடமாடும் என்பது அடுத்தது. நரகத்தின் வாசல்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது என்பதும் உண்டு. வட்டப்பாதையில் ஹாவ் பார் வில்லாவின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் 2011இல் திறக்கப்பட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் ரயிலேறிப் போய்ப் பார்க்கலாம். அப்படியிருந்தும் போய்ப் பார்க்காதவர்களே உறுதியாகப் பேசுகிறார்கள்.

போய்ப் பார்த்தால் என்ன தெரியும்? அந்தச் சிலைகள் இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் காரையும் சிமெண்டும் பூசி, வண்ணம் தீட்டிச் செய்யப்பட்டவை. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் நிற்கும் சிலைகளில் வண்ணம் மங்கும், காரை விரியும், விரல் உடையும். உடைந்ததை ஒட்டி, மங்கியதைத் தீட்டி, மீண்டும் மீண்டும் அவற்றைக் காப்பாற்ற ஆட்கள் வேண்டும். சிறுவனாக இருந்தபோது தந்தையோடு அங்கு வேலைக்கு வந்து, எண்பது வயதைத் தாண்டியும் தூரிகையைக் கீழே வைக்காத கைவினைஞர் ஒருவரைப் பற்றிச் செய்திகள் வந்துள்ளன. தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பவர்களைப் பயப்படச் செய்யும் அளவுக்கு அந்த முகங்களில் வலியை வடித்தவர்கள் அவரைப் போன்றவர்கள். ‘அவையெல்லாம் பிணங்கள்’ என்று சொல்லும்போது அவர்களுடைய கைவேலை ஒரே வாக்கியத்தில் இல்லாமல் போகிறது. சிற்பி அவ்வளவு நன்றாகச் செய்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது!

பேய்க் கதைகளுக்கு நான் எதிரி இல்லை. மழை பெய்யும் இரவில், பள்ளி முகாமில், மின்விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லப்படும் கதைக்குத் தனிச்சுவை உண்டு. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது கதை என்று தெரியும். அதையே செய்தியாக நம்பச் சொல்லி வற்புறுத்தும்போதுதான் எனக்கு மறுப்பு எழுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கேட்கும் வினோதமான செய்தியையெல்லாம் பொய் என்று தள்ளிவிடுவதும் அதே பிடிவாதத்தின் மறுபக்கம்தான். ஹாவ் பார் வில்லாவைப் பற்றிச் சொல்லப்படும் பொய், டிஸ்னிலேண்டில் ஓரளவு உண்மையாகவே நடந்திருக்கிறது. கடற்கொள்ளையர் சவாரியை உருவாக்கிய காலத்தில் கிடைத்த செயற்கை எலும்புக்கூடுகள் பார்ப்பதற்கு நம்பும்படி இல்லையாம். எனவே, ஒரு மருத்துவக் கல்வி நிலையத்திலிருந்து உண்மையான மனித எலும்புக்கூடுகளை வாங்கிவந்து வைத்தார்கள் என்று அந்தச் சவாரியின் வரலாற்றை எழுதியவர் பதிவுசெய்திருக்கிறார். பின்னாளில் அவை அகற்றப்பட்டன. வால்ட் டிஸ்னி அங்கே இல்லை. ஆனால், யாரோ சிலர் இருந்திருக்கிறார்கள்! ‘கேட்கவே விசித்திரமாக இருக்கிறது’ என்பது ஒன்றை நம்புவதற்கும் காரணமாகாது, மறுப்பதற்கும் காரணமாகாது.

சில கதைகளில் பாதி உண்மை இருக்கும். புளோரிடாவில் 1971இல் திறக்கப்பட்ட ‘மேஜிக் கிங்டம்’ பூங்காவுக்கு அடியில் ஒரு சுரங்க நகரமே இருக்கிறது என்பார்கள். வேடம் அணிந்த ஊழியர்கள் பார்வையாளர் கண்ணில் படாமல் இடம் மாறவும், பொருள்களையும் குப்பையையும் கொண்டுசெல்லவும் பாதைகள் இருப்பது உண்மை. ஆனால், அவை தோண்டப்பட்ட சுரங்கங்கள் இல்லை. அந்தப் பகுதியில் சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும். எனவே, பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, அருகில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து சுற்றிலும் நிரப்பி, பூங்காவை அதன்மேல் எழுப்பினார்கள். பார்வையாளர்கள் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டு உண்மையில் மேல்மாடியில் நடக்கிறார்கள். இரகசியச் சுரங்கத்தைவிட இது எவ்வளவு சுவையான செய்தி! அதே பூங்காவிலுள்ள சின்ரெல்லா கோட்டையைச் சூறாவளி வருவதற்குமுன் கழற்றி வைத்துவிடுவார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எஃகுச் சட்டமும் கான்கிரீட்டும் கொண்டு 189 அடி உயரத்துக்குக் கட்டிய ஒன்றை மாலைக்குள் கழற்றி மடித்து வைப்பது எப்படி என்று மட்டும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் சில தகவல்கள் பிறக்கும்போது உண்மையாகவே பிறந்து, பிறகு காலாவதியானவை. கெந்திங் மலையில் வரவிருந்த பூங்கா, 2013இல் ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் பெயரோடு அறிவிக்கப்பட்டது. 2018இல் அந்த ஏற்பாடு முறிந்து வழக்காக மாறியது. மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. இறுதியில் 2022 பிப்ரவரியில் ‘கெந்திங் ஸ்கைவோர்ல்ட்ஸ்’ என்னும் பெயரில் பூங்கா திறந்தது. பழைய அறிவிப்பை மட்டும் படித்தவர் இன்றும் பழைய பெயரைச் சொன்னால், அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அவருடைய நாள்காட்டி மட்டும் 2013இலேயே நின்றுவிட்டது.

பூங்காக்களின் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. மாயத்தை விற்பவர்கள் திரைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லத் தயங்குவார்கள். அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், மௌனம் நீளும்போது ஊகம் அந்த இடத்தை நிரப்பிவிடும். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரில் இரட்டை ரோலர் கோஸ்டர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. மறு ஆய்வு நடைபெறுகிறது என்பதற்குமேல் பொதுமக்களுக்கு அதிகம் தெரியவில்லை. 2015 மே மாதம்தான் அது மீண்டும் ஓடத் தொடங்கியது. நால்வர் அமரும் பெட்டிகளுக்குப் பதில் இருவர் அமரும் பெட்டிகள் வந்திருந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டு! அவ்வளவு காலம் மனிதர்களை வாய் மூடி இருக்கச் சொன்னால் இருப்பார்களா?

“சரி, இவற்றால் யாருக்கு என்ன நட்டம்? பொழுதுபோக்குதானே?” என்று கேட்கலாம். உறைந்த உடலைப் பற்றிய கதையை நான் அவ்வளவு பொருட்படுத்த மாட்டேன், டிஸ்னியின் குடும்பத்தார் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்ற எண்ணம் மட்டும் நெருடும். ஆனால், எல்லாக் கதைகளும் அப்படி இலேசானவை இல்லை. ‘டிஸ்னிலேண்டுக்குள் யாரும் சாவதே இல்லை. செத்தாலும் வாசலுக்கு வெளியே கொண்டுபோன பிறகுதான் இறந்ததாக அறிவிப்பார்கள்’ என்பது இன்னொரு புகழ்பெற்ற கதை. நெருப்பில்லாமல் புகையாது என்று அதற்கு ஒரு பழமொழியையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். ஒருவர் இறந்துவிட்டாரா என்பதை முடிவுசெய்வது மருத்துவத் துறையினரின் பொறுப்பு. பூங்கா மேலாளர் விரும்பிய இடத்தில் விரும்பிய நேரத்தில் அதை வைத்துக்கொள்ள முடியாது. அங்கு நேர்ந்த உயிரிழப்புகளைச் செய்தித்தாள்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன.

1998ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், டிஸ்னிலேண்டில் பாய்மரக் கப்பல் சவாரி கரைக்கு வந்துகொண்டிருந்தது. கப்பல் முழுதாக நிற்பதற்குமுன் கட்டப்பட்ட கயிறு இறுகி, கப்பலில் பொருத்தியிருந்த கனமான உலோகப் பிடியைப் பெயர்த்து வீசியது. அது வரிசையில் நின்றவர்கள்மேல் பாய்ந்தது. பார்வையாளர் ஒருவர் இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். அவருடைய மனைவியும் ஊழியர் ஒருவரும் படுகாயமுற்றனர். அந்தச் சமயத்தில் கலிபோர்னியாவின் நிலை விசித்திரமாக இருந்தது. ஊர் ஊராகச் செல்லும் கண்காட்சிகளின் இராட்டினங்களை மாநில அரசு சோதித்து வந்தது. நிலையாக ஓரிடத்தில் இயங்கும் பெரிய பூங்காக்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு இருந்தது. கப்பல் விபத்துக்குப் பிறகு, 1999இல், அவற்றையும் அரசுக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் பயன் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 2003 செப்டம்பரில் அதே பூங்காவில் ஒரு ரோலர் கோஸ்டர் தடம்புரண்டு, 22 வயது இளைஞர் இறந்தார், பத்துப் பேர் காயமடைந்தனர். இம்முறை மாநில அரசின் ஆய்வாளர்கள் உள்ளே சென்று விசாரித்தார்கள். சவாரியைப் பராமரித்ததில் ஏற்பட்ட தவறே காரணம் என்று கண்டறிந்து, அந்த முடிவை வெளியிட்டார்கள். ஊழியர்களின் பயிற்சியையும் பராமரிப்பு முறையையும் மாற்றும்படி பூங்காவுக்கு உத்தரவிட்டார்கள்.

‘உள்ளே யாரும் சாவதில்லை’ என்ற கதையைச் சொல்பவர் தம்மை ஏமாறாதவர், நிறுவனத்தின் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டவர் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அந்தக் கதை நிறுவனத்தை எதுவுமே கேட்பதில்லை. சவாரியை யார் சோதிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அறிக்கை யாரிடம் போகிறது, குறை கண்டால் மூடும் அதிகாரம் யாருக்கு உண்டு? கப்பலடியில் நின்ற அந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தவை இந்தக் கேள்விகளே. கதை கண்சிமிட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஒரு மனிதரின் மரணம் அதில் வெறும் சுவாரசியத் துணுக்காகச் சுருங்கிவிடும்.

திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெரியவர் ஒருவரை எல்லார் முன்னிலையிலும் “நீங்கள் சொல்வது தப்பு” என்றால், அவர் சொன்னதை விடமாட்டார். மாணவர்கள் வேறு வழியை முயன்று பார்க்கலாம். “இதை எங்கே கேட்டீர்கள், மாமா?” என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டால், பல வேளைகளில் அவரே யோசிக்கத் தொடங்குவார். நண்பர் சொன்னார், அந்த நண்பருக்கு யார் சொன்னார் என்று தெரியாது. அதன்பின், பிடுங்கிக்கொண்டதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும். மேல்மாடியில் நடக்கும் புளோரிடா மக்களைப் பற்றிச் சொல்லலாம். 1967இன் எலும்புக்கூடுகளைப் பற்றியும் சொல்லலாம். நரகக் காட்சி 2021 முதல் ஓர் அருங்காட்சியகத்தின் பகுதியாக இருக்கிறது, இந்தச் சனிக்கிழமை போகலாமா என்று அவரையே அழைக்கலாம். சிலர் அப்போதும் மாறமாட்டார்கள். அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். ஆனால், அவர் சொன்னதை நாம் மறுநாள் வகுப்பில் திரும்பச் சொல்லாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

பெரியவர் நம் ஊர்ச் சவாரிகளைப் பற்றியே பேச்சைத் திருப்பினாலும், சொல்வதற்குச் செய்தி இருக்கிறது. சிங்கப்பூரில் கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கென்றே 2011இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கட்டட, கட்டுமான ஆணையம் அதைச் செயற்படுத்துகிறது. அனுமதி பெறாமல் ஒரு சவாரியைப் பொதுமக்களுக்காக இயக்க முடியாது. அந்த அனுமதிக்குமுன் தகுதிபெற்ற பொறியாளர் அதைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால், நடத்துநர் அதை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.